மகளை ஸ்பெயினுக்கு செஸ் ஆட அனுப்பலாமா?

பிளஸ் ஒன் படிக்கும் மகள், வயது 16, ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 2080. ஜூலை, ஆகஸ்ட் முழுக்க ஸ்பெயினில் தங்கி ஐந்து ஓப்பன் (யாரும் பெயர் கொடுத்து ஆடக்கூடிய போட்டி) ஆடிவிட்டு வரட்டும் என்று கோச் சொல்கிறார். பள்ளி திறந்திருக்கும், சேமிப்பும் கரையும், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக அனுப்பலாம். ஆனால் இரண்டு மாதம் வேண்டாம். ஐந்து வாரம், மூன்று போட்டி போதும். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் ஊர் திரும்பிவிட்டால் காலாண்டுத் தேர்வுக்கு முன் விட்ட பாடத்தைப் பிடித்துவிடலாம். அடுத்த வருடம் பிளஸ் டூ என்பதால், போவதானால் இந்த வருடம்தான்.

மூன்று போதும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 18 வயது முடியும் ஆண்டு வரை, ரேட்டிங் 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்கு 'கே' மதிப்பு, அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 40. தன்னைவிட 100 புள்ளி அதிகமுள்ள ஒருவரிடம் டிரா செய்தாலே ஐந்தரைப் புள்ளி ஏறும். ஆனால் ஒரே மாதத்தில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை 'கே'யால் பெருக்கினால் 700-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் 'கே'யைக் குறைத்துவிடுவார்கள். ஒன்பது சுற்றுப் போட்டிகள் இரண்டென்றால் 18 ஆட்டம், 'கே' 38 ஆகும், பரவாயில்லை. அதே மாதத்தில் மூன்றாவதையும் ஆடினால் 27 ஆட்டம், 'கே' 25-க்கு இறங்கிவிடும். தோற்றாலும் குறைவாகத்தான் இறங்கும், உண்மை. ஆனால் இவ்வளவு செலவு செய்து போவது ஏறுவதற்குத்தானே. ஜூலையில் இரண்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். போட்டிகளுக்கு நடுவே மூன்று நாளாவது இடைவெளி இருக்கட்டும். நான்கு மணி நேர ஆட்டங்களை ஒன்பது நாள் தொடர்ந்து ஆடிய பிள்ளையை மறுநாளே அடுத்த ஹாலில் உட்காரவைத்தால், முதல் மூன்று சுற்றிலேயே போன போட்டியில் சம்பாதித்தது போய்விடும்.

மகளிர் இன்டர்நேஷனல் மாஸ்டர் நார்ம் பற்றிக் கோச் பேசியிருப்பார். நார்ம் என்பது, பட்டத்துக்குத் தேவையான தரத்தில் ஒரு போட்டியை ஆடியதற்கான சான்று. 2080-க்கு அது எட்டாக்கனி ஒன்றும் இல்லை. ஒன்பது ஆட்டத்தில் 2250 அளவுக்கு ஆடியதாகக் கணக்கு வர வேண்டும். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2250 என்றால் நாலரைப் புள்ளி போதும். சராசரி 2150 என்றால் ஆறு வேண்டும். ஐந்தரை எடுத்தால் 2230-இல் நின்றுவிடும். இதோடு, ஒன்பது எதிராளிகளில் ஐந்து பேராவது பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். கேண்டிடேட் மாஸ்டர் பட்டம் இதில் சேராது. அந்த ஐவரில் மூவராவது ஜிஎம் (கிராண்ட் மாஸ்டர்), ஐஎம் (இன்டர்நேஷனல் மாஸ்டர்), மகளிருக்கான டபிள்யூஜிஎம், டபிள்யூஐஎம் இவற்றில் ஒன்றை வைத்திருக்க வேண்டும். பல நாட்டவரோடு ஆடியிருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. ஐரோப்பிய ஓப்பன்களில் நம் பிள்ளைகள் கூட்டமாக இருப்பதால், ஸ்பெயின் வரை போய் ஆவடிப் பையனோடு மோத வேண்டியும் வரும். இப்படி மூன்று நார்ம், மொத்தம் 27 ஆட்டம், கூடவே ரேட்டிங் 2200 தொட்டால்தான் பட்டம். இந்தப் பயணத்தில் ஒன்று கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் பயணம் வீண் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பட்டம் பெற்ற எதிராளிகள் வேண்டும் என்பதால்தான், பலமானவர்கள் ஆடும் 'ஏ' குரூப்பில் மட்டும் பெயர் கொடுங்கள். ரேட்டிங் குறைந்தவர்களுக்கான 'பி' குரூப்பில் முதல் சில போர்டுகளில் உட்கார்ந்து பரிசு வாங்கலாம் என்று தோன்றும். அங்கே எதிரில் உட்காருவது, ரேட்டிங் 1800 காட்டினாலும் 2050 பலத்தில் ஆடும் பத்து வயதுப் பிள்ளைகள். தோல்வி ஒவ்வொன்றுக்கும் 30 புள்ளிக்கு மேல் போகும். பட்டம் பெற்ற எதிராளிகளும் கிடைக்க மாட்டார்கள்.

ஊர்களைப் பொறுத்தவரை, பிரெனீஸ் மலையில் உள்ள பெனாஸ்க்கில் ஜூலை முதல் பாதியில் பெரிய ஓப்பன் நடக்கும். குளுகுளு ஊர், ஆனால் ரயில் கிடையாது, பஸ்தான். பார்சலோனாவைச் சுற்றிக் கோடை முழுக்க அடுத்தடுத்து ஓப்பன்கள் உண்டு. சான்ட்ஸ் ஓப்பன் ஆகஸ்ட் கடைசியில் வருவதால் உங்கள் கணக்கில் சேராது. அந்தோரா என்ற குட்டி நாடு பக்கத்திலேயே இருக்கிறதே என்று சேர்த்துவிடாதீர்கள். அது ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) இல்லை. ஒற்றை நுழைவு விசாவோடு அந்தோராவுக்குள் போனால் ஸ்பெயினுக்குத் திரும்பி வர வழியில்லை. போவதானால் பலமுறை நுழைவு விசா கேளுங்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏப்ரலுக்கு மேல் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், ஆகவே பிப்ரவரியிலேயே போட்டிகளுக்குப் பெயர் கொடுத்து, போட்டி நடத்துபவர்களிடம் அழைப்புக் கடிதம் வாங்கிவிடுங்கள். கட்டணம் 90 யூரோ, சர்வீஸ் சார்ஜ் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். மைனர் என்பதால் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். அம்மா கூடப் போனாலும் அப்பாவின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. கடிதத்தில் உள்ள தேதி, தங்குமிட முன்பதிவு, விமான டிக்கெட் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

தங்குமிடச் சலுகை பெரும்பாலும் ஜிஎம் போன்ற பெரிய பட்டக்காரர்களுக்குத்தான். 2080-க்கு நுழைவுக் கட்டணம் முதல் எல்லாம் கைக்காசு. வேறு இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுத்தால் செலவு நன்றாகக் குறையும், சாப்பாட்டுப் பிரச்சினையும் பாதி தீரும். சைவமென்றால் வெளியே கவனம் வேண்டும். வெறும் காய்கறி என்று வரும் தட்டிலும் பன்றித் தொடைக்கறித் துண்டு கிடக்கும். கோடையில் ஸ்பெயின் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். மாலை நாலரைக்குத் தொடங்கும் சுற்று அவள் உடம்புக்கு இரவு எட்டு மணி; ஆட்டம் முடிகையில் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். முதல் போட்டிக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கூடப் போகிறவர் ஹாலுக்குள் போனோடு நிற்கக் கூடாது, ஆட்டம் நடக்கும்போது அவளிடம் பேசவும் கூடாது. தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போனதே புகாராக மாறியதுண்டு. அவள் ஸ்மார்ட் வாட்சை அறையிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

வேலைவாய்ப்புப் பக்கம் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். சொந்தச் செலவில் ஆடும் ஓப்பன், இந்தியாவைப் பிரதிநிதித்துவம் செய்ததாக ஆகாது. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் படிவம் 1 கேட்பது நாட்டின் சார்பில் ஆடியதற்கான சான்று. படிவம் 2 தேசியப் போட்டிக்கு, படிவம் 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு, படிவம் 4 தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் மாநிலத் தேர்வுப் போட்டி வந்தால் ஸ்பெயினில் ஒன்றைக் குறைத்துவிட்டு அதை ஆடச் சொல்வோம். பட்டமும் ரேட்டிங்கும் பயன்படுவது வேறு இடங்களில்: செஸ் ஆடுவோருக்கு இடமும் உதவித்தொகையும் தரும் இங்குள்ள தனியார் கல்லூரிகள், அமெரிக்காவில் 'யுடி டல்லாஸ்' எனப்படும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் போன்றவை. பள்ளி வருகைப் பதிவுக்கு, கிளம்பும் முன்பே போட்டிக் கடிதத்தை இணைத்துத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நார்ம் கிடைத்துவிட்டால், ஐடி-1 எனும் சான்றிதழைத் தலைமை நடுவரிடம் கையெழுத்தோடு வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டாம். எதிராளிகளின் பெயர், நாடு, பட்டம், ரேட்டிங் எல்லாம் சரியா என்று அங்கேயே சரிபாருங்கள். ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் திருத்தம் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.