தரையிறங்கும்போது விழுந்த சிறிய பயணிகள் விமானம்: காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோவில் தரையிறங்க வந்த கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அன்று பனிக்காலக் குளிர். அதனால் இறக்கையில் படிந்த பனிக்கட்டியைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகித்தார்கள்.

கருப்புப் பெட்டி சொன்னதோ வேறு. தரையிறங்கத் தயாரானபோது வேகம் குறைந்துகொண்டே போனதை விமானிகள் இருவரும் கவனிக்கவில்லை. எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு கிடுகிடுவென அதிர்ந்தது. உடனே விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டியிருக்க வேண்டும். கேப்டனோ தண்டைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கைத் தாழ்த்தத் தானியங்கிப் பாதுகாப்புக் கருவியே தண்டை முன்னால் தள்ளியபோதும் எதிர்த்து இழுத்தார். விமானத்தை மேலே தாங்கும் தூக்குவிசையை இறக்கை இழந்தது. பனி படிந்திருந்தது உண்மை, ஆனால் அதன் பங்கு மிகச் சிறியது.

என்னைக் கேட்டால், விசாரணையின் பெரிய பலன் இதற்கு அப்புறம்தான். அவர் ஏன் இழுத்தார் என்று பயிற்சிப் பதிவுகளையும், விமானிகள் முந்தைய இரவு எங்கே தூங்கினார்கள் என்பதையும் துருவினார்கள். துணை விமானி இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதில் 2010-இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் கட்டாயமானது, ஓய்வு விதிகளும் இறுகின.