சப்பை மூக்குக்கு ஆகும் செலவு

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் இரண்டு வருடத்துக்கு முன் 65,000 ரூபாய் கொடுத்து பிரெஞ்சு புல்டாக் குட்டி ஒன்று வாங்கினான். பெயர் புருனோ. இப்போது மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. சித்திரையில் கிளம்புகிறான், நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போவானாம். "தயிர் சாதம் போட்டா போதும்மா, செலவே இல்ல" என்கிறான். பொங்கலுக்கு அழைத்து வந்தபோது பார்த்தேன். ராத்திரி முழுக்கக் குறட்டை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக நுரை கக்குகிறது. எடை 16 கிலோ. எங்களுக்குப் பென்ஷன்தான் வருமானம். ஆயுசு முழுக்க வைத்தியச் செலவு எவ்வளவு ஆகும் டாக்டர்? குறட்டை அந்த ஜாதிக்கு இயல்புதானா?

பதில்:

டீச்சர், உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். செலவுக் கணக்கு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. குறட்டை அந்த ஜாதியில் சகஜம். ஆனால் அது மூச்சுப்பாதை அடைபடும் சத்தம்.

இதை நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வேலூரில் நான் கிளினிக் போட்ட புதிதில் ஊரெல்லாம் பக் நாய் மோகம். அதுவும் புருனோ மாதிரி சப்பை மூக்கு ஜாதிதான். 2003ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு பக் ஓடும், நினைவிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஹட்ச் நாய் கிடைக்குமா சார்" என்று கேட்டு வருவார்கள். வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து வந்து, "தூங்கும்போது கொர் கொர்னு சத்தம் வருது" என்பார்கள். "பக்னா அப்படித்தான்" என்று சொல்லி, தடுப்பூசி போட்டு அனுப்பிவிடுவேன். அப்படி நான் அனுப்பிய ஒரு நாய், தன் நாலாவது கோடையில், கல்யாணத்துக்குப் போன வேனின் பின் சீட்டில், ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் செத்துப்போனது. ஜன்னல் திறந்துதான் இருந்ததாம், தண்ணீரும் வைத்திருந்தார்களாம். அந்த வீட்டுக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு "அப்படித்தான்" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

விஷயம் இதுதான். இந்த ஜாதிகளை உருவாக்கியவர்கள் மூஞ்சி எலும்பைத்தான் தலைமுறை தலைமுறையாகக் குட்டையாக்கினார்கள். உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. நாய்க்கு 42 பல். அந்த 42ம் இந்தக் குட்டைத் தாடைக்குள் முளைத்தாக வேண்டும். நாக்கும், அண்ணத்தின் பின்னால் தொங்கும் மென்சதையும் பெரிய நாயின் அளவிலேயே இருக்கும். சின்ன பீரோவில் பெரிய குடும்பத்துத் துணியைத் திணித்த மாதிரி. மென்சதை நீண்டு தொண்டைக்குள் இறங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதுதான் உங்கள் காதில் விழும் குறட்டை.

நுரையும் இதன் தொடர்ச்சிதான். அடைபட்ட பாதை வழியாகக் காற்றை இழுக்க நாய் நெஞ்சை விரித்து பலமாக உறிஞ்சுகிறது. அந்த இழுப்பில் இரைப்பையில் இருப்பதும் மேலே ஏறி வருகிறது. வீட்டில் இதை "கேஸ்" என்று நினைத்து மாதக்கணக்காக ஜெலுசில் ஊற்றுவார்கள். மூச்சைச் சரிசெய்தால் பல நாய்களுக்கு நுரை தானாகவே குறைந்துவிடுகிறது.

அடுத்த முறை மகன் அழைத்து வரும்போது இரண்டு காரியம் செய்து பாருங்கள். முதலில், புருனோவை மடியில் உட்கார வைத்து, வெளிச்சத்தில் மூக்கை நேராகப் பாருங்கள். நல்ல மூக்கின் துவாரம் நீங்கள் போர்டில் போட்ட காற்புள்ளி மாதிரி, மேலே உருண்டையாகத் திறந்து, கீழே வால் போல் வளைந்திருக்கும். வெறும் கீறல் போலத் தெரிந்தால், மூச்சு இழுக்கும்போது அந்தக் கீறலும் உள்வாங்கி மூடிக்கொண்டால், அது அடைப்பு. இரண்டாவதாக, விடியற்காலையில் மூன்று நிமிடம் சற்று வேகமாக நடக்க வையுங்கள். நின்றதும் தொண்டைக்கு அருகில் காதை வைத்துக் கேளுங்கள். மரம் அறுப்பது போலவோ விசில் அடிப்பது போலவோ சத்தம் வந்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். இந்தச் சோதனையை வெயில் ஏறிய பிறகு செய்யாதீர்கள்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புருனோ பார்த்ததெல்லாம் அந்தக் கோடைதான். நம் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று சும்மாவா சொன்னார்கள்! நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். கத்திரியில் பேப்பரில் "வேலூரில் 106 டிகிரி" என்று போடுகிறார்களே, அன்றைக்கு வெளிக்காற்று நாயின் ரத்தத்தைவிடச் சூடு. நிழலில் படுத்தாலும் ஃபேன் போட்டாலும் உடம்புச் சூடு வெளியே போகாது. நாக்கிலும் மூக்குக்குள்ளும் இருக்கும் ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். நீள மூக்கு நாய்க்கு அதற்கென்றே உள்ளே மடிப்பு மடிப்பாக இடம் இருக்கிறது. புருனோவுக்கு அந்த இடம் மிகவும் குறைவு. அது வேகமாக இரைக்கும், இரைக்க இரைக்கத் தொண்டைச் சதை வீங்கும், வீங்க வீங்கப் பாதை குறுகும், அந்த உழைப்பிலேயே உடம்பு இன்னும் சுடும். அரை மணி நேரத்தில் முடிந்துபோன கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை பகலில் ஒரு ரூம் ஏசியில் இருக்க வேண்டும். இதை ஆடம்பரச் செலவு என்று நினைக்காதீர்கள், மருந்துச் செலவில் சேருங்கள். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். பகலில் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 480 யூனிட் கூடும். மொத்தம் 500ஐத் தாண்டினால் ரேட்டே மாறுவது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் இன்னொன்று உண்டு. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சரியாக வைகாசி முதல் நாள், கத்திரி நடுவில். வீடு நிறைய சொந்தக்காரர்கள், பட்டாசு, மேளம், கதவு திறந்தே கிடக்கும். குழந்தைகள் நாயை விளையாடக் கூப்பிடுவார்கள், அதுவும் துள்ளிக்கொண்டு ஓடும். அன்றைக்கு அதை ஏசி ரூமில் விட்டுக் கதவைச் சாத்தி, சாவியை முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள்.

மீறி எப்போதாவது ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கயிறாகத் தொங்கி, தள்ளாடினால் உடனே ஆட்டோ தேடி ஓடாதீர்கள். முதலில் குழாயடியில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஃபேனைத் திருப்பிவிடுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விடக்கூடாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. கொஞ்சம் தணிந்ததும் கிளம்புங்கள்.

இனி ரூபாய்க்கு வருவோம். நம் பக்கத்திலும் சென்னையிலும் தனியார் கிளினிக்குகளில் நான் பார்க்கும் ரேட்டை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு இது. டாக்டருக்கு டாக்டர் மாறும், விலைவாசி ஏற்றத்தையும் நான் சேர்க்கவில்லை. புருனோ பத்து வயது வரை இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் எட்டு வருடம்.

எந்த நாய்க்கும் ஆகும் செலவு முதலில். வருடா வருடம் கூட்டுத் தடுப்பூசி, வெறிநோய்த் தடுப்பூசி, அவ்வப்போது குடற்புழு மாத்திரை, மூன்று மாதத்துக்கொரு உண்ணி மாத்திரை. நம் பக்கம் உண்ணிக்கு சீசனே கிடையாது, பன்னிரண்டு மாதமும் இருக்கும். எல்லாம் சேர்த்து வருடம் 12,000 வரும், எட்டு வருடத்துக்கு 96,000. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்க்கும் இதே செலவுதான். அரசு கால்நடை மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டால் கொஞ்சம் மிச்சமாகும்.

இதற்கு மேல் ஆவதெல்லாம் பெரும்பாலும் அந்த முகத்தால் வருவது. முக மடிப்பில் ஈரம் தங்கிப் புண்ணாகும், நாறும். காது அடிக்கடி சீழ் பிடிக்கும். கண் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் சோபா முனை பட்டாலும் கருவிழியில் புண் வரும். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணைச் சுருக்கினாலோ நீர் வடிந்தாலோ அன்றே காட்டுங்கள். வீட்டில் இருக்கும் பழைய சொட்டு மருந்தை, முக்கியமாக ஸ்டீராய்டு கலந்ததைப் போட்டால் புண் ஆழமாகிக் கண்ணே போய்விடும். தோல், காது, கண் மூன்றுக்கும் வருடம் 8,000 என்று வையுங்கள், மொத்தம் 64,000. நெருக்கிக்கொண்டு முளைத்த பற்களில் காரை சேரும். மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய ஒரு தடவைக்கு 10,000, இரண்டு தடவை. மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, நீண்ட மென்சதையை வெட்டும் அறுவை சிகிச்சைக்குத் தனியாரில் 50,000 வரை. வெயில், மூச்சுத்திணறல் என்று எப்போதாவது ஒரு நாள் ஆக்சிஜன் வைத்து அட்மிட் செய்ய நேர்ந்தால் என்று 30,000 ஒதுக்குங்கள்.

கூட்டினால் 2,60,000. மாதம் சுமார் 2,700. இதில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் சப்பை மூக்குக்காக மட்டும் கொடுப்பது. சாப்பாடு, கரண்ட், சென்னைக்கு டாக்ஸி எல்லாம் தனி. முதுகெலும்புத் தட்டு நழுவுவதும் இந்த ஜாதியில் உண்டு. எல்லா நாய்க்கும் வராது, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. வந்தால் ஸ்கேன், ஆபரேஷன் என்று அது ஒன்றே ஒரு லட்சத்தைத் தாண்டும். நான் பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2022ல் வெளியிட்ட ஆய்விலேயே, பக் நாய்க்கு ஒரு வருடத்துக்குள் ஏதாவது நோய் வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்திருக்கிறது. புருனோ அந்த வகையறாதான்.

அறுவையைத் தவிர்த்தால் 50,000 மிச்சம்தானே என்று தோன்றும். அங்கேதான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். வருடக்கணக்காக உறிஞ்சி உறிஞ்சிக் குரல்வளைக் குருத்தெலும்பே தளர்ந்து உள்ளே மடிந்துவிடும். அந்த நிலைக்குப் பிறகு மூக்கை அகலப்படுத்தியும் பெரிய பலன் இருக்காது. இரண்டு வயது இன்னும் நல்ல வயதுதான். ஆனால் இந்த நாய்களுக்கு மயக்க மருந்தில் ஆபத்து அதிகம். மயக்கம் தெளிந்த பிறகுகூடத் தொண்டைக் குழாயைச் சீக்கிரம் எடுக்க முடியாது, ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வசதி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் போதனை மருத்துவமனை இருக்கிறது. அங்கே கட்டணம் தனியாரைவிடக் குறைவு, காத்திருக்கப் பொறுமை வேண்டும். ரயிலில் கார்டு பெட்டிக் கூண்டில் ஏற்றி அழைத்துப் போகிற யோசனை மட்டும் வேண்டாம்.

காசே செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. 16 கிலோ மிக அதிகம். இந்த ஜாதிக்கு 12, 13 கிலோ போதும். தொண்டையைச் சுற்றிய கொழுப்பும் பாதையை நெருக்கும். டீயில் தோய்த்த பிஸ்கட், சாரின் தட்டிலிருந்து விழும் வடைத் துண்டு, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இதில் உங்களைவிடச் சார் மேல்தான் எனக்குச் சந்தேகம். கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். முக மடிப்பைத் தினமும் ஆறிய வெந்நீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, உலர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம்.

"நல்ல ஜாதி, எங்க பெட்டைக்குக் கிராஸுக்கு விடுங்க" என்று யாராவது வருவார்கள். மறுத்துவிடுங்கள். 2010ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் இந்த ஜாதியின் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று தெரியாமலேயே கேட்பார்கள்.

நாயை வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் எழுத மாட்டேன். இரண்டு வயது நாய் எங்கே போகும்? ஆனால் மகனிடம் பேச இப்போது நேரம் இருக்கிறது. அவர் பெங்களூரில் இருக்கும்போதே, மார்ச் முடிவதற்குள், அங்கேயே ஒரு நல்ல அறுவை மருத்துவரிடம் மூக்கையும் தொண்டையையும் காட்டட்டும். தேவை என்று சொன்னால் தன் செலவில் முடித்து, புண் ஆறும் வரை இரண்டு மூன்று வாரம் அந்தக் குளிர்ச்சியிலேயே வைத்திருக்கட்டும். அப்போது உங்கள் பங்கு 2,10,000 ஆகும், மாதம் 2,200க்குள். தடுப்பூசி அட்டையையும் பழைய ஃபைலையும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றால், பிறவிக் கோளாறுக்குப் பணம் உண்டா என்று பாலிசியில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொண்டுவந்து விடும்போது ராத்திரியில் கிளம்பி, விடிவதற்குள் குடியாத்தம் வந்து சேரட்டும்.