கேட்டெழுதியோருக்கு: ஓலை, ஈய எழுத்து, டைனமோ, பாமினி

எங்கள் பூட்டனார் ஊரில் பரியாரியார். அவருடைய வைத்திய ஏட்டுக் கட்டொன்று பெட்டகத்துக்குள் கிடந்து எடுத்தோம். எழுத்து மங்கிவிட்டது, புள்ளியையும் காணோம். தேங்காயெண்ணெய் பூசினால் தெளியும் என்கிறார்கள். பூசலாமா?
– வாசகர், அளவெட்டி

பூச வேண்டாம். தேங்காயெண்ணெய் நாளடைவில் காறும், தூசியை இழுக்கும், ஓலைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பூஞ்சணத்துக்கும் அது நல்ல தீனி.

ஏட்டு எழுத்து மையால் எழுதியதல்ல. எழுத்தாணி ஓலையின் மேற்தோலைக் கீறியிருக்கிறது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தபோது கீறலுக்குள் மட்டும் கரி தங்கியது. இன்று மங்கியிருப்பது அந்தக் கரிதான். கீறல் அப்படியே இருக்கும்.

ஆகவே கை வைக்கும் முன் படம் எடுத்துவிடுங்கள். கட்டை அவிழ்ப்பதற்கு முன்னே ஒரு படம், பிறகு ஓலை ஓலையாக இரு பக்கமும். வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் கீறல் தெரியாது. ஜன்னலோரம் வைத்து, ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி எடுங்கள். அருகில் ஓர் அடிமட்டத்தை வைத்தால் அளவும் பதிவாகிவிடும். இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கயிறு அறுந்து ஓலை கலைந்து போனால் அந்த எண்ணை விட்டால் வேறு துணையில்லை.

அதற்குப் பிறகு மெல்லிய தூரிகையால், எழுத்து ஓடும் திசையிலேயே தூசியைத் தட்டுங்கள். ஒட்டிக் கிடக்கும் ஓலைகளுக்கு நடுவே கத்தியை விட்டால் மேற்தோலோடு எழுத்தும் உரிந்துவிடும். அவற்றைப் பழகிய கைகளுக்கு விட்டுவிடுங்கள். வறண்டு முறியும் ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, நனையாத அளவுக்கு மிக மெல்லியதாகத் தடவலாம். முதலில் எழுத்தில்லாத ஓரத்தில் தடவிப் பாருங்கள். கரி ஏற்றுவது கடைசி வேலை. படத்தில் வாசிக்க முடிந்தால் அது தேவையே இல்லை.

கட்டும்போது இறுக்காதீர்கள், துளையோரம் கிழியும். பொலித்தீன் பையில் போட்டால் உள்ளே ஈரம் நிற்கும். மாரி காலத்தில் ஒரு மாதம் போதும், பூஞ்சணம் வந்துவிடும். கஞ்சியில்லாத பழைய பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்புத் துண்டு வைத்தால் போதும்.

புள்ளி இல்லாதது உங்கள் பூட்டனாரின் பிழையல்ல. எழுத்தாணி முனையால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று பெரும்பாலோர் இடாமலே விட்டார்கள். கொம்பு ஒற்றையா (ெ) இரட்டையா (ே) என்பதும், சில கைகளில் அரவா (ா) ரகரமா என்பதும் இடம் பார்த்துத்தான் தெரியும். மருந்தின் பெயரிலும் எடையிலும் ஊகித்து வாசிக்காதீர்கள். சித்தவைத்தியம் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் முதலில் அச்சானது 'உதயதாரகை'தானா?
– உயர்தர மாணவி, மானிப்பாய்

முதல் பத்திரிகை அதுதான். 1841 ஜனவரி 7 இல், தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற ஆசிரியர் இருவரும், பெயர் எப்படி ஒலித்தாலும், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த தமிழர்கள். அச்சு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1820 இல் அமெரிக்க மிஷன் ஓர் அச்சாளரை வரவழைத்தது. ஆளுநர் அவரைத் தங்க விடவில்லை. இயந்திரம் நல்லூரிலிருந்த சர்ச் மிஷனிடம் போனது. 1834 இல் மைனர் என்ற அச்சாளர் வந்த பின்னரே உங்கள் மானிப்பாய் அச்சுக்கூடம் பெரிதாயிற்று. 1842 இல் மானிப்பாய் அகராதி அங்கே உருவாயிற்று. ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னையிலிருந்து இயந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலோ இன்னும் பழையது. 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, பெரியதும் சிறியதுமாக 52 ஈய எழுத்து வார்ப்புப் போதும். தமிழில் அரவும் கொம்பும் தனி வார்ப்பாக நிற்கும். ஆனால் கு, கூ போன்றவை மெய்யோடு ஒட்டிய வடிவங்கள், 18 மெய்க்கும் 36 வார்ப்பு வேண்டும். இகர ஈகார வரிசைக்கு இன்னொரு 36. இதனால்தான் தமிழ் எழுத்துப் பெட்டியில் அறைகள் பெருகின. ஈயச் செலவும் கூடியது. ஒரு படிவம் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த பக்கம் கோர்க்கலாம். அடுத்த பதிப்புக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கோர்க்க வேண்டும். ஒரே நூலின் இரு பதிப்புகளில் வெவ்வேறு பிழைகள் காண்பது இப்படித்தான்.

1990களின் பத்திரிகைகள் சில கோடு போட்ட கொப்பித் தாளில் இருக்கின்றன. அதற்கு முந்தியவை பொடியாகின்றன, இவை நன்றாக இருக்கின்றனவே?
– வாசகர், சாவகச்சேரி

பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்துச் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகி அமிலத்தைக் கூட்டும். எழுதும் தாளில் அது பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். போரினால் பொருள்கள் தடைபட்டு, பத்திரிகைத் தாள் வராத காலத்தில் வேறு வழியின்றி அச்சிட்டது கூடுதலாக நிலைத்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக அடுக்காதீர்கள், அமிலம் பக்கத்துத் தாளுக்கும் ஏறும். செலோடேப் ஒட்டவே வேண்டாம்.

மின்சாரமில்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டதாக அம்மம்மா சொல்கிறா. நேரே தொடுத்தால் எரிந்துபோகாதா?
– பொறியியல் மாணவன், கோண்டாவில்

போகும், பலருக்குப் போயும் இருக்கிறது. டைனமோ 6 வோல்ட், 3 வாட், தருவது மாறுமின்னோட்டம். நான்கு பற்றரி போடும் வானொலிக்கு வேண்டியது 6 வோல்ட் நேர்மின்னோட்டம். எனவே மின்னை ஒரே திசையில் மட்டும் விடும் டயோட்டுகள் நான்கைப் பாலமாக இணைத்து, பின்னால் 1000 மைக்ரோபரட் அளவில் ஒரு கொள்ளளவியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் செய்தியை விட இரைச்சல்தான் கேட்கும்.

ஆபத்து இதில் இல்லை. டைனமோ ஏறத்தாழ அரை அம்பியரை விளக்குக்குத் தருவதற்காகச் செய்தது. வானொலி இழுப்பதோ அதில் சிறு பங்கு. சுமை குறைந்தால் வோல்ட் எகிறும்; வேகமாகச் சுற்றினால் 6 என்பது 15 ஐயும் தாண்டலாம். முன்விளக்கைக் கழற்றாமல் கூடவே எரியவிட்டால் வோல்ட் அடங்கும். குமிழ் எரிந்துபோனால் அடுத்தது வானொலிதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுற்றுபவர், குமிழின் வெளிச்சத்தைப் பார்த்தே வேகத்தைச் சரிசெய்யலாம். மீட்டர் தேவையில்லை.

2001 இல் வெளியிட்ட பாடசாலை மலரின் கோப்பு இறுவட்டில் (சீடி) கிடைத்தது. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாக வருகிறது. பழுதாகிவிட்டதா?
– பழைய மாணவர் சங்கம், பருத்தித்துறை

பழுதில்லை. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியதாக இருக்க வேண்டும். 'அம்மா' என்று தட்டியது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கும்; அதற்குத் தமிழ் முகம் கொடுத்தது எழுத்துரு மட்டுமே. உங்கள் கோப்பில் அரைப்புள்ளிகள் நிறைந்து வழிந்தால் சந்தேகம் வேண்டாம், அவை புள்ளிகள்.

முதலில் இறுவட்டிலுள்ளதை முழுவதும் கணினிக்கும் இன்னொரு வட்டுக்கும் பிரதி எடுங்கள். மூலக் கோப்பைத் திருத்தாதீர்கள். பாமினி எழுத்துருவை நிறுவித் திறந்து, பார்த்த தோற்றத்தை பிடிஎப் ஆக வையுங்கள். பிறகு எழுத்தை மட்டும் எடுத்து ஒருங்குறி (யூனிகோட்) மாற்றியில் போடுங்கள். மலருக்கு நடுவே உள்ள ஆங்கிலப் பெயர்களும் தமிழாகிக் குழம்பும்; அவற்றை முன்பே பிரித்து வையுங்கள். பாமினியில் கொம்பை முதலில் தட்டுவோம், ஒருங்குறியில் அது மெய்யின் பின்னே நிற்கும். மட்டமான மாற்றிகள் கொ, கோ, கௌ வரிசையில் தடுக்கி விழுவது இங்கேதான். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள். தேடலில் அகப்படாவிட்டால் கொம்பும் அரவும் தனித்தனியே நிற்கின்றன என்று அர்த்தம்.

அச்சான மலர் ஒன்று கையில் இருந்தால் அதையும் 300 டிபிஐக்குக் குறையாமல் வருடி, கோப்போடு ஒப்பிடுங்கள். கடைசி நேரத் திருத்தங்கள் சில வேளை அச்சகத்திலேயே நடந்திருக்கும். விளம்பரப் பக்கங்களையும் விடாமல் வருடுங்கள். அன்றைய கடைகளின் பெயரும் விலாசமும் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.