அஸ்பாரகஸ் தண்டை எப்போது வெட்டலாம்?

கேள்வி: மாடியில் க்ரோ பேக்கில் அஸ்பாரகஸ் விதை போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. நூல் நூலாகப் பச்சைதான் அடர்ந்திருக்கிறது. கடையில் காய்கறியாக விற்கிற மாதிரி தண்டு ஒன்றுகூட இல்லை. "இது பூச்செண்டுக்கு வைக்கிற செடி" என்கிறார் என் மாமியார். தவறான விதையை வாங்கிவிட்டேனா?
- ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: தண்டைத் தடவிப் பாருங்கள். சின்னதாக முள் தட்டுப்பட்டால் உங்கள் மாமியார் சொன்னது சரி, அது அலங்காரச் செடி. நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கும் முள் உண்டு. இவை இரண்டும் சாப்பிடுகிற அஸ்பாரகஸும் ஒரே பேரினம்தான், ஆனால் வேறு வேறு செடிகள். முள்ளே இல்லாமல் வழுவழுவென்று நிமிர்ந்து நின்றால் நீங்கள் வளர்ப்பது சாப்பிடுகிற அஸ்பாரகஸ். கவலையை விடுங்கள்.

விதையிலிருந்து வந்த செடிக்கு மூன்றாம் வருஷம்தான் முதல் அறுவடை. இப்போது நீங்கள் பார்க்கிற நூல் பச்சை வெயிலை வாங்கி வேரில் உணவைச் சேர்க்கிறது. தயவுசெய்து அதைக் கிள்ளாதீர்கள். நான் இரண்டாம் வருஷம் தை மாதத்தில் ஆசை தாங்காமல் நாலு தண்டு வெட்டினேன். பென்சில் கனம்கூட இல்லை. அடுத்து முளைத்தவை அதைவிடச் சன்னம்.

அதற்கும் முன்னால் இரண்டு செடிகளை மழைக்குக் கொடுத்திருக்கிறேன். திருவையாற்றில் எங்கள் கொல்லை முழுக்கக் களிமண். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் தண்ணீர் நின்றது. தோண்டிப் பார்த்தால், சுண்டுவிரல் கனத்தில் வெள்ளையாக இருந்த வேர்கள் பழுப்பாகி, அழுத்தினால் தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு நரம்பு மட்டும் மிச்சம். மனசே ஆறவில்லை. அப்புறம் பழைய கிணற்று உறை ஒன்றைத் தரைக்கு மேல் வைத்து, ஆற்று மணல், செம்மண், மக்கிய சாணி எரு மூன்றையும் கலந்து நிரப்பி நட்டேன். அதில்தான் பிழைத்தது. உங்கள் பையிலும் அடித் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று மழைக்கு முன் பாருங்கள். ஒரு பைக்கு ஒரு செடி போதும். பை ஒன்றரை அடி ஆழமாவது இருக்கட்டும்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் செடி மேலே காய்ந்து ஓய்வெடுக்கும். நமக்கு அந்தக் குளிர் கிடையாது, வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். அதனால் தாய்லாந்து, தைவான் பக்கம் செய்வதைத்தான் நானும் செய்கிறேன்: மூன்று நாலு தண்டுகளைத் தாயாக வளரவிட்டு, புதிதாக வருவதை மட்டும் வெட்டுகிறேன்.

மூன்றாம் வருஷம் மாசியில் ஒரு காலை, மண் லேசாக வெடித்து ஊதா கலந்த பச்சை நுனி ஒன்று தலைகாட்டியது. செதில் செதிலாக இறுக மூடியிருந்தது. விரல் கனம்! நம் வெயிலில் நுனி சீக்கிரம் விரிந்து நாராகிவிடும். அதனால் ஒரு சாண் உயரம் வருவதற்குள், விடியற்காலையிலேயே வெட்டிவிடுங்கள். முதல் தடவை இரண்டு வாரத்துக்கு மேல் வெட்டவேண்டாம். வெட்டிய கையோடு கடுகு தாளித்து இரண்டு நிமிஷம் வதக்கினால் போதும். பச்சைப் பட்டாணியின் இனிப்பு இருக்கும். மாலை வரை வைத்தால் அது குறைந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் செடி பெண்ணாக இருந்தால் சிவப்பாக மணி மணியாகக் காய்க்கும். அது சாப்பிடக் கூடாதது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் காய்த்ததுமே பறித்துப் போட்டுவிடுங்கள்.