நிறுத்தினால் மட்டும் ஒழுகும் கார்: சிவப்புத் திட்டும் பச்சைச் சொட்டும்

கேள்வி: பனிக்காலத்தில் நான்கு மாதம் காரை எடுக்காமல் ஷெட்டில் விட்டுவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய பெட்ரோல் வண்டி. போன முறை திரும்ப எடுத்தபோது நடுப்பகுதிக்கு அடியில் சிவப்புத் திட்டு, முன்பக்கம் சில பச்சைச் சொட்டுகள். ஓட்ட ஆரம்பித்ததும் இரண்டும் நின்றுவிட்டன. அப்படியே விட்டுவிடலாமா? வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

பதில்: விட வேண்டாம். இரண்டுமே வண்டி நின்றால்தான் ஒழுகும் வகை. இந்த முறையும் வரும். வாரா வாரம் ஸ்டார்ட் செய்வதும் தீர்வல்ல.

சிவப்பு, பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயில். பவர் ஸ்டீயரிங் ஆயிலும் பல வண்டிகளில் சிவப்புதான், ஆனால் அது முன்சக்கரங்களுக்கு இடையே சொட்டும். என்ஜின் ஓடும்போது, என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் லிட்டர் கணக்கில் ஆயில் நிற்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் அது மெல்ல வடிந்து கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டுக்கு (பேன்) வந்துவிடும். பேனில் மட்டம் ஏறி, கியர் லீவர் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பர் சீலைத் தொடும். வருடக்கணக்கில் சூடு பட்டு இறுகிப்போன சீல் என்றால் அந்த வழியாக ஒழுகும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே போய்விடுவதால் சீல் மறுபடி மட்டத்துக்கு மேலாகிவிடுகிறது, கசிவும் நிற்கிறது. ஒழுகிய அளவு மட்டும் குறைந்தே இருக்கும்.

சீல் விலை குறைந்த பொருள்தான், மாற்றிவிடுங்கள். பேனின் விளிம்பில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் பாருங்கள். ஒழுகுகிறதே என்று பேன் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டே போனால் துளைகளைச் சுற்றித் தகடு வளைந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மாற்ற நேரமில்லையென்றால் அடியில் தட்டு வையுங்கள். எடுக்கும்போது அதில் தேங்கியதை அளந்து, அதே அளவு, அதே வகை ஆயிலை ஊற்றுங்கள். நின்ற வண்டியில் ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம், அப்போது மட்டம் அதிகமாகவே காட்டும். அதை நம்பி ஆயிலை இறக்கிவிடுவோர் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஆயில் சூடான பிறகு, என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

பச்சை, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட். குளிரில் ஹோஸ் ரப்பர் சுருங்கி இறுகும். ஹோஸைப் பிடித்திருக்கும் வளையமான திருகு கிளாம்ப்பின் பிடி தளரும். என்ஜின் சூடானால் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஹோஸ் முனைகளில் காய்ந்த உப்புப் படிவு போல ஒரு கறை இருந்தால் அதுதான் இடம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கிளாம்ப்பை இறுக்குங்கள். ஹோஸ் கட்டையாகியிருந்தால் ஹோஸையே மாற்றிவிட்டு, தானே இறுகிக்கொள்ளும் ஸ்பிரிங் கிளாம்ப் போடுவது நல்லது. வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் கறை என்றால் பம்ப் சீல் போய்விட்டது, எந்தக் கிளாம்ப்பும் உதவாது. கசிவை அடைக்கும் திரவங்களை கூலண்ட்டில் ஊற்றாதீர்கள்; ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

இதில் இன்னொரு ஆபத்து. மட்டம் குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் கலவை நீர்த்திருக்கும். பாதிக்குப் பாதி என்றால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கூலண்ட் மூன்றில் ஒரு பங்கானால் மைனஸ் 18 அளவிலேயே உறையத் தொடங்கும். தண்ணீரே கலக்காத கூலண்ட் மைனஸ் 13 அருகிலேயே உறைந்துவிடும் என்பதால் அதிகம் ஊற்றுவதும் பயன் தராது. நிறுத்துவதற்கு முன், கலவையின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் சோதித்துவிடுங்கள். தரையில் சிந்தியதை உடனே துடைக்கவும்: இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது விஷம்.

வாராந்திர ஸ்டார்ட் ஏன் கூடாது? எரியும் பெட்ரோல் நீராவியைத் தருகிறது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் அது என்ஜின் ஆயிலிலும் சைலன்சரிலும் நீராகத் தங்கித் துருப்பிடிக்கும். ஸ்டார்ட் செய்ய இழுத்த கரண்ட்டும் பேட்டரிக்குத் திரும்பாது. அரை மணி நேரம் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

நிறுத்தும் முன் என்ஜின் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். டேங்க்கை ஏறக்குறைய நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டினால் அது எரிபொருள் பாதை முழுவதும் போய்ச் சேரும். பேட்டரியை 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜரில் விடுங்கள், சார்ஜ் இறங்கிய பேட்டரி கடுங்குளிரில் உறைந்து விரிசல் விடும். ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இல்லையெனில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எலி புகாமல் சைலன்சர் வாயில் இரும்பு நார் அடைத்தால், ஸ்டீயரிங்கில் ஒரு நினைவூட்டுச் சீட்டைக் கட்டிவிடுங்கள்; எடுக்கும்போது மறந்துபோகும்.

கடைசியாக, அடியில் பெரிய அட்டை விரித்து, நான்கு சக்கரங்களும் இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவையுங்கள். எந்தச் சொட்டு எதற்கு நேர் கீழே விழுந்தது என்று பிறகு தெரியும். எடுக்கும் நாளில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அட்டையைப் பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கத்திலோ பிரேக் பெடலுக்கு நேர் கீழேயோ வெளிறிய மஞ்சளாக, வழுவழுப்பாக ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். என்ஜினை ஸ்டார்ட் செய்து பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முதலில் சற்றே இறங்குவது இயல்பு, அதற்குப் பிறகும் மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருந்தால் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.