‘பார்த்து நடக்கத் தெரியாதா?’

கேள்வி: எனக்கு 54 வயது. ஜனவரியில் நானும் கணவரும் ஏற்காடு போயிருந்தோம். காலையில் காபித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போது சருகு வழுக்கி, வலது கால் மடங்கி விழுந்துவிட்டேன். ரொம்ப தூரம் முன்னால் போய்விட்டிருந்த அவர் திரும்பி வந்து சொன்ன முதல் வார்த்தை, “பார்த்து நடக்கத் தெரியாதா?” வெறும் சுளுக்குதான் என்று தைலம் தேய்த்து, ஒரு மணி நேரம் நொண்டி நொண்டியே நடக்கவைத்துக் கூட்டி வந்தார். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தால் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அத்தனை நாளும் சமையல், துணி, என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான் செய்தார். குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. கட்டுப் பிரித்து இரண்டு மாதம் ஆகியும் சாயங்காலமானால் கால் வீங்குகிறது. “இனிமேல் நீ நடக்கவே வேண்டாம்” என்கிறார். கவனமில்லாமல் நடந்தது என் தப்புதானோ?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பு உங்கள் மேல் இல்லை.

ஜனவரி காலையில் ஏற்காட்டுத் தோட்டங்களில் பனி இறங்கியிருக்கும். காபிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் சருகு பாதையெல்லாம் நனைந்து கிடக்கும். அடியில் இருக்கும் கல்லும் வேரும் யார் கண்ணுக்கும் தெரியாது. அதோடு நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தீர்கள். மலைப்பாதையில் ஏறும்போது விழுகிறவர்களைவிட இறங்கும்போது விழுகிறவர்கள்தான் அதிகம். தொடைத் தசை களைத்துப்போவது ஒரு காரணம். இன்னொன்று கணுக்காலின் அமைப்பு. இரண்டு பக்கமும் புடைத்துத் தெரியும் எலும்புகளுக்கு நடுவே ஓர் எலும்பு ஆப்பு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அது முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். இறக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாயும்போது குறுகலான பகுதி நடுவில் வந்து, பொருத்து தளர்கிறது. அந்த நொடியில் வழுக்கினால் பாதம் உள்பக்கமாக மடங்கிவிடும். எவ்வளவு பார்த்து நடந்தாலும் இது நடக்கும்.

அடுத்து அந்த ஒரு மணி நேர நடை. இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். “நடக்க முடியுதே, எலும்பெல்லாம் உடைஞ்சிருக்காது” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு. அது சரியல்ல. கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு உடல் எடையில் சிறு பங்கைத்தான் தாங்குகிறது. அதில் விரிசல் விட்டாலும் வலியைப் பொறுத்துக்கொண்டு நடந்துவிட முடியும். எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் ஒரு வழிமுறை வெளியிட்டார்கள். இன்றும் பல நாடுகளில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அடிபட்ட காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியவில்லையென்றால் எக்ஸ்ரே வேண்டும். நடக்க முடிந்தாலும், கணுக்காலில் புடைத்த எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது வலித்தால் அப்போதும் எக்ஸ்ரே வேண்டும்.

அடிபட்ட உடனே தைலம் போட்டு உருவுவதும் கூடாது. உள்ளே கசிகிற ரத்தமும் வீக்கமும் அதிகமாகும். முதல் இரண்டு மூன்று நாள் தேய்ப்பு, வெந்நீர் ஒத்தடம் இரண்டும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் போதும். தோட்டத்தில் இருந்தபோது என்ன செய்திருக்கலாம்? அங்கேயே உட்காரவைத்து, துண்டையோ துப்பட்டாவையோ சுற்றிக் கணுக்காலை அசையாமல் வைத்துவிட்டு, தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கினால் ரோடு வரை வந்துவிடலாம். அங்கே 108 வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு இது தெரியவில்லை. பலருக்கும் தெரியாது. அதற்காக அவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். இந்தப் பத்தியை மட்டும் அவர் படிக்கட்டும்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

நம் ஊரில் குழந்தை விழுந்தால் தூக்குவதற்கு முன்னால் முதுகில் ஒரு அடி வைக்கிற அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். பயம் வந்தால் திட்டாகத்தான் வெளியே வருகிறது. உங்கள் கணவருக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் புரிகிறது என்பதற்காக அதை விழுங்கிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மா ஒருமுறை வயல் வரப்பில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அப்பா ஓடி வந்து சத்தம் போட்டார். அதை அம்மா என்னிடம் சொன்னது அப்பா போய்ப் பல வருஷம் கழித்து. வலித்த கை எது என்று யோசித்துத்தான் சொன்னார். அப்பா சொன்ன வார்த்தை மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவில் இருந்தது. நீங்கள் அவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டாம்.

ஆறு வாரம் சமைத்ததும் துவைத்ததும் அவர் கேட்ட மன்னிப்பு. அதை அவருக்குத் தெரிந்த விதத்தில் கேட்டிருக்கிறார். ஆனால் உங்களுக்கு வேண்டியது வாயால் ஒரு சொல். அது வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டு சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்: “அன்னைக்கு நீங்க ரொம்ப முன்னாடி போயிட்டீங்க. நான் விழுந்ததும் வலிக்குதான்னு கேட்டிருக்கலாம். அது இன்னும் எனக்கு வலிக்குது.” இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கணக்கு எதையும் சேர்க்க வேண்டாம். அவர் உடனே பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

“நீ நடக்கவே வேண்டாம்” என்பதும் அதே பயம்தான். இதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கணுக்கால் முறிவுக்குப் பிறகு சாயங்கால வீக்கம் சில மாதம் இருப்பது சகஜம். உட்கார்ந்தே இருந்தால் கெண்டைக்கால் தசை மெலியும், மூட்டு இறுகும், மறுபடி மடங்குகிற வாய்ப்பு கூடும். டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேட்டுவிட்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 30 விநாடி நின்று பழகுங்கள். நாளாக ஆகப் பிடியைத் தளர்த்துங்கள். குதிகாலைத் தூக்கி இறக்குவதும் நல்லது. ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்து 54 வயதில் எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் விட்டமின் டி பரிசோதனையும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நடையை உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். வ.உ.சி. பூங்காவில் பத்து நிமிடம். பழகிய பிறகு காலிங்கராயன் வாய்க்கால் கரையில், மேடுபள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து. ரப்பர் செருப்பு வேண்டாம், அடிப்பகுதி பிடிப்பான ஷூ போடுங்கள். ஒற்றையடிப் பாதையில் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும். மெதுவாக நடப்பவர் முன்னால் போனால் இருவரும் ஒரே வேகத்தில்தான் போக முடியும். செங்குத்தாக இறங்கும் இடத்தில் மட்டும் அவர் ஒரு படி கீழே போய்த் திரும்பி நின்று கை கொடுக்கட்டும்.

அவரிடம் பேசிய பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.