மச்சான் குடும்பத்துக்கு டியானி கடற்கரை, எனக்கு மாதத் தவணையா?

கேள்வி: நைரோபியில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 2,80,000 ஷில்லிங். மனைவி, எட்டு வயது மகள். ஊரிலிருந்து யார் வந்தாலும் மொம்பாசாவுக்குத் தெற்கே இருக்கும் டியானி கடற்கரைக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. போன டிசம்பரில் மனைவியின் சித்தி குடும்பத்தோடு ஏழு பேராக நான்கு இரவு தங்கினோம். 5,20,000 ஆனது. கார்டில் போட்டு 18 மாதத் தவணையாக மாற்றினேன், மாதம் 35,100 போகிறது. அதற்கு முந்தைய பயணத்தின் தவணை 28,000 இந்த ஜூலையோடு முடிகிறது. மாதக் கடைசியில் ஃபுலிசா (எம்-பெசா கைபேசிப் பணக் கணக்கில் கிடைக்கும் குறுங்கடன்) எடுக்காமல் ஓட்ட முடியவில்லை. வரும் டிசம்பரில் மச்சான் குடும்பம் நான்கு பேரும் மாமியாரும் வருகிறார்கள். ஒரு ரிசார்ட்டின் ஹாலிடே கிளப்பில் 9 லட்சம் ஷில்லிங் கட்டினால் 20 வருஷத்துக்கு ஆண்டுதோறும் 7 இரவு தங்கலாமாம். "சேர்ந்துடுங்க, வருஷா வருஷம் செலவு மிச்சம்" என்கிறார் மச்சான். சேரலாமா? இல்லை, இந்த முறையும் கார்டிலேயே போடலாமா?
- வாசகர், நைரோபி (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: இரண்டும் வேண்டாம்.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு பட்ஜெட் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பணத்தைக் கரைப்பது டியானியும் அல்ல. எல்லோருடைய செலவும் எவ்வளவு என்று ஒருவரிடமும் சொல்லாமல் முழுவதையும் உங்கள் கார்டில் தேய்த்துவிட்டு, அவர்கள் விமானம் ஏறிய பிறகு தனியாக உட்கார்ந்து தவணை போடுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான். கேட்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். ஆனால் சித்தி வீட்டாருக்கு அந்தப் பயணம் 5,20,000 என்பது இன்றுவரை தெரிந்திருக்காது.

தவணையை முதலில் பாருங்கள். 35,100 வீதம் 18 மாதம் என்றால் சுமார் 6,32,000. வட்டி 1,12,000. மாதம் 1.2% என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். அது முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை போடும் வட்டி. குறையும் அசலில் பார்த்தால் ஆண்டுக்கு 26% பக்கம் வருகிறது. இன்னும் 11 தவணை, 3,86,000 பாக்கி. இதன்மேல் அதே அளவு இன்னொன்று ஏறினால் மாதம் 70,200, அதாவது சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு. ஃபுலிசா எடுத்த பிறகு எம்-பெசாவில் விழும் எந்தப் பணத்தையும் அது முதலில் தனக்கு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மாதம் பிறந்ததுமே கை வறண்டு போகிறது.

ஹாலிடே கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். 9 லட்சத்தை 9% வருமானம் தரும் இடத்தில் வைத்தால் ஆண்டுக்கு 81,000 வரும். கூட்டமில்லாத மாதத்தில் ஒரு நல்ல காட்டேஜுக்கு ஏறக்குறைய ஒரு வார வாடகை அது, அசலும் உங்களிடமே இருக்கும். கிளப்பில் அசல் போய்விடும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனி, அது ஏறிக்கொண்டே போகும். சாப்பாடும் பயணமும் தனி. டிசம்பர் கடைசி வாரம் வேண்டுமென்றால் எல்லா உறுப்பினருக்கும் அதே வாரம்தான் வேண்டும். விற்கப் போனால் வாங்க ஆள் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் ஒர்க் பர்மிட்டை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு 20 வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா? யோசனை சொன்ன மச்சான் பாதிப் பணம் போடுகிறேன் என்று சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இனி டிசம்பர். ஜூலையோடு முடியும் 28,000-இல் 8,000 மாதக் கடைசி ஓட்டைக்குப் போகட்டும், ஃபுலிசாவை நிறுத்துங்கள். மீதி 20,000 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம். ஆக 1,00,000. உங்கள் எல்லை அவ்வளவுதான். அதற்குள் இந்தப் பயணம் அடங்குமா என்றால் அடங்கும், பயணத்தின் அமைப்பை மாற்றினால்.

விமானத்தை விடுங்கள். போன முறை ஏழு பேருக்கு டியானி பக்கத்து உக்குண்டா விமானத்தளத்துக்குப் போக வர 1,40,000 கொடுத்திருக்கிறீர்கள். நைரோபி-மொம்பாசா எஸ்ஜிஆர் ரயிலில் 2024 ஜனவரி முதல் சாதாரண வகுப்பு 1,500, முதல் வகுப்பு 4,500. எட்டுப் பேர் போக வர சாதாரண வகுப்பில் 24,000. சாவோ வனவிலங்குப் பூங்கா வழியாகப் பகலில் போனால் யானைக் கூட்டம் ஜன்னலிலேயே தெரியலாம், பிள்ளைகளுக்கு அதற்குத் தனிச் செலவு கிடையாது. டிசம்பர் இருக்கைகள் முன்பதிவு திறந்ததுமே தீரும், ஆகவே தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு திறக்கும் நாளிலேயே எடுங்கள். மொம்பாசாவில் ரயில் நிற்கும் மிரிட்டினி நிலையத்திலிருந்து டியானி போக லிக்கோனி படகுத்துறை வரிசையில் நிற்கத் தேவையில்லை. டொங்கோ குண்டு புறவழிச்சாலையில் வேன் நேராகத் தென்கரைக்கு இறங்கிவிடும். இரண்டு பக்கத்துக்கும் 18,000 வைத்துக்கொள்வோம்.

அடுத்தது தங்கல். "எல்லாம் சேர்ந்த" ஹோட்டல் கட்டணத்தில் மதுவும் இறைச்சி பஃபேயும் அடங்கியிருக்கிறது. சைவம் சாப்பிடும் மாமியாருக்கும் மூன்று சிறுபிள்ளைகளுக்கும் அந்த விலையைக் கொடுப்பது வீண். டியானியில் சமையல்காரரோடு சேர்த்து வாடகைக்கு விடும் நான்கு படுக்கையறை காட்டேஜ்கள் நிறைய உண்டு. டிசம்பர் விலையில் இரவுக்கு 28,000 என்று போட்டாலும் நான்கு இரவு 1,12,000. சமையல்காரருக்கு 10,000, மளிகை காய்கறிக்கு 30,000. மீன்காரர்கள் காலையில் சைக்கிளில் வாசலுக்கே வருவார்கள். செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, கண்முன் எடை போடச் சொல்லி வாங்குங்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளை நைரோபியிலேயே கட்டிக்கொண்டு போங்கள்.

கடலில்தான் உங்கள் வீட்டில் பணம் தெரியாமல் போயிருக்கிறது. போன முறை படகு, ஒட்டகம், குவாட் பைக், கைட் சர்ஃபிங் எல்லாம் சேர்த்து 92,000, அதுவும் பெரும்பாலும் ஹோட்டல் மேசையில் பதிவு செய்தது. அங்கே தரகு ஏறியிருக்கும். கைட் சர்ஃபிங் ஒரு மணி நேரப் பாடம் என்பது மணலில் நின்று பட்டத்தைப் பிடித்துப் பழகுவதோடு முடியும். பலகையில் நிற்கவே இரண்டு மூன்று நாள் வேண்டும். நான்கு நாள் விருந்தாளிக்கு அது வேண்டாம்.

டியானியில் பார்க்க வேண்டியது பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத கடல். அதற்கு நாளும் நேரமும் தெரிய வேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் காலை பத்து, பத்தரை வாக்கில் கடல் வெகுதூரம் உள்வாங்கும். முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், திட்டில் தேங்கிய குட்டைகளில் நட்சத்திர மீன் பார்க்கலாம். படகுக்காரர்கள் மணல்திட்டுக்குக் கூட்டிப்போவதும் அப்போதுதான். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் அதே பத்து மணிக்குக் கரைவரை தண்ணீர் நிற்கும், குளிக்கலாமே தவிர திட்டு தெரியாது. ஆக, தினசரி காலண்டரைப் பார்த்துப் பயணத் தேதியை வையுங்கள். உள்வாங்கிய கடலில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். கறுப்பு முள்பந்து போல இருக்கும் கடல் அர்ச்சின் பாறை இடுக்கில் இருக்கும். மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும். அடி கெட்டியான பழைய செருப்பு போதும். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிட வேண்டும், பின்னால் இருக்கும் கால்வாய்தான் முதலில் நிறையும். சிப்பி, பவளம் எதையும் எடுத்து வரக்கூடாது, விற்றால் வாங்கவும் கூடாது.

படகு பேசும்போது தலைக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். எட்டுப் பேர் ஒரு படகு நிறையும் கூட்டம், படகுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம், கண்ணாடி, மூச்சுக்குழாய் சேர்ந்ததா, பிள்ளைகள் அளவில் உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்பதைக் கரையிலேயே கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒட்டகக்காரர் "பத்து" என்றால் எந்தப் பணத்தில், எவ்வளவு தூரத்துக்கு என்பதை ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள், பாதிப் பணத்தை இறங்கிய பிறகு கொடுங்கள்.

ஒரே ஒரு பெரிய செலவு செய்வதென்றால் ஷிமோனியிலிருந்து கிசிட்டே-ம்புங்குட்டி கடல் பூங்கா. காலை ஏழு மணிக்கே டியானியிலிருந்து கிளம்ப வேண்டும். ஓங்கில்கள் (டால்பின்கள்) கண்ணில் படுவது காலையில்தான் அதிகம், மதியத்துக்குமேல் காற்று ஏறிப் படகு ஆடும், மாமியாருக்குத் தாங்காது. நுழைவுக் கட்டணத்தை இ-சிட்டிசனில் கட்ட வேண்டும், ரொக்கம் செல்லாது. கென்யாவில் வசிப்பவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுப் பயணிக்கு அதைவிடக் கூடுதலாக டாலரில் ஒரு விலை. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே தொகை சொன்னால் உங்கள் மூவருக்கும் பயணி விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் வெளிநாட்டவர் அடையாள அட்டை கையில் இருந்தால்தான் வசிப்பவர் விலை. ஹோட்டல்களிலும் இதே கதைதான். 2020 ஜூன் முதல் பூங்காவுக்குள் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். வேன், படகு, மதியச் சாப்பாடு, கட்டணம் எல்லாம் சேர்த்து 60,000 ஒதுக்குங்கள்.

மற்ற நாள்களுக்கு 26,000 போதும். மணல்திட்டுப் படகு, ஒட்டகம், கொலோபஸ் குரங்குகளைக் காக்கும் நிலையத்தில் வழிகாட்டியோடு ஒரு நடை. கயா கினோண்டோ புனிதக் காட்டைத் தவறவிடாதீர்கள். மிஜிகெண்டா மக்களின் கயா காடுகள் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. ஊர்க்காரரே கூட்டிப்போவார், இடுப்பில் கறுப்புத் துணி கட்டித்தான் உள்ளே விடுவார்கள், ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. நம் ஊர் கோயில்காடு பார்த்து வளர்ந்த மாமியாருக்கு இது யாரும் விளக்காமலே புரியும். திரும்பும் நாளில், மொம்பாசாவில் 1593-இல் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கிய ஜீசஸ் கோட்டையைக் காலையில் பார்த்துவிட்டு மாலை 3 மணி ரயிலைப் பிடிக்கலாம். ஒரு மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள், மூட்டை முடிச்சுச் சோதனை நீளும்.

கூட்டினால் 2,80,000. போன முறையைவிட ஓர் ஆள் கூட, செலவு ஏறக்குறையப் பாதி. இதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் நம் வீடுகளில் மனசு நோகும். பொருளாகப் பிரியுங்கள். காட்டேஜ் வாடகையும் கிசிட்டேயும் மச்சானுடையது, 1,72,000. ரயில், வேன், சாப்பாடு, மற்ற சுற்றல் உங்களுடையது, 1,08,000. உங்கள் எல்லையை 8,000 தாண்டுகிறது, அதைச் சுற்றலில் குறையுங்கள். காட்டேஜ் முன்பணத்தை மச்சான் தன் கார்டிலிருந்தே உரிமையாளருக்குக் கட்டட்டும், உங்கள் கார்டு வழியாக வரவே வேண்டாம்.

டிக்கெட் எடுக்கும் முன்பே, இந்த வாரமே, இப்படி எழுதுங்கள்: "மச்சான், டியானிக்கு எட்டு பேருக்கு மொத்தம் 2,80,000 ஷில்லிங் ஆகும். ரயில், வேன், சாப்பாடு எல்லாம் நான் பாத்துக்கறேன். காட்டேஜும் ஒரு நாள் படகும் நீங்க எடுத்துக்கோங்க, இந்திய ரூபாயில ஒண்ணே கால் லட்சம் பக்கம் வரும். நைரோபியில இருக்கற வரைக்கும் எல்லாம் நம்ம வீட்டுச் செலவு." உங்கள் மனைவி இதை முதலில் படித்துச் சம்மதிக்க வேண்டும், அவருடைய அண்ணன் அல்லவா. மச்சான் அதிகம் என்றால் காட்டேஜை மூன்று இரவாக்குங்கள், கிசிட்டேயை விடுங்கள். கார்டை மட்டும் எடுக்காதீர்கள்.

செலவு அதிகமென்று அவர் அடுத்த மே விடுமுறைக்குத் தள்ளப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம். அறை மலிவுதான், ஆனால் கடல் கலங்கி, கரையெல்லாம் பாசி ஒதுங்கி, படகுகள் பல நாள் போகாது. அந்தப் பணமும் வீண்.

இன்னொன்றையும் அதே செய்தியில் சேருங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மாமியாருக்கு அறுபது தாண்டியிருந்தால் இந்த ஊசியை முதல்முறை போடுவதில் ஆபத்து கூடுதல். அவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகே அவருடைய விமான டிக்கெட்டை எடுக்கச் சொல்லுங்கள்.